செல்லம்மாவின் அப்பா

மரகதம்,

நீ நலமா என்று கேட்டு எழுதினால் நலம்தான் என்று ஒரே ஒரு வரி வரும், அது எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. உன் அம்மா கேட்கச் சொன்னாள், அவளுக்காகக் கேட்டதாக வைத்துக்கொள். நான் எழுத உட்கார்ந்தது வேறு காரியத்துக்கு. நீ நடித்த படம் நம் கொட்டகைக்கு வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை ஆறு மணி ஆட்டத்தில் போடுகிறார்கள். திரைக்குப் பக்கத்தில் நின்று தரை டிக்கெட்டுத் தமிழ் ஜனங்களுக்குக் கதை சொல்ல வேண்டியவன் நான். பதினைந்து வருஷமாக அந்தத் தகரக் குழலைப் பிடித்துக் கத்திக்கொண்டிருக்கிறேன். எந்தப் படத்துக்கும் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்ததில்லை. இந்தப் படத்தில் ஒரே ஒரு இடத்துக்கு விழிக்கிறேன், அதுவும் உன்னால். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கேள்வி கடைசியில் வரும், அதுவரைக்கும் பொறுமையாகப் படி. பாதியில் மடித்து வைத்துவிடுகிற புத்தி உனக்கு உண்டு. அது என்னிடமிருந்து வந்ததுதான், அதற்காக உன்னைத் திட்ட முடியாது.

நான் இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்று உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன், ஆனால் எல்லாவற்றையும் சொன்னதில்லை. துறைமுகத்தில் மூட்டை எண்ணிக்கை கூவிக்கொண்டிருந்தவன் நான். என் தொண்டையைக் கேட்டுவிட்டுத்தான் கொட்டகை மானேஜர் கூப்பிட்டார். "பயாஸ்கோப்புல கதை சொல்றியா?" என்றார். சொல்கிறேன் என்றேன். படத்துக்கு நடுவே வருகிற இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தமிழைத் தவிர வேறு எழுத்து எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. டிக்கெட் கொடுக்கிற ஊ சான் வெள்ளிக்கிழமை மத்தியான ஒத்திகையில் எழுத்தைப் படித்துப் பர்மா பாஷையில் சொல்வார், நான் அதை மனதில் பிடித்துக்கொண்டு மறுநாள் தமிழில் கூவுவேன். பாதி மறந்துபோகும். மறந்த இடத்தில் எனக்குத் தோன்றியதைப் போட்டு நிரப்புவேன். புருஷன் பெண்டாட்டியை அடிக்கக் கை ஓங்கினால், ஏன் ஓங்குகிறான் என்பதற்கு வாரத்துக்கு ஒரு காரணம் சொல்லியிருக்கிறேன். ஜனங்கள் அதற்கும் கைதட்டினார்கள். அப்புறம் நீ பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தாய். பத்து வயதில் ஒருநாள் என்னோடு கொட்டகைக்கு வந்தவள், எழுத்து வந்ததும் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "அப்பா, அவன் அண்ணன்காரன். நீங்க புருஷன்னு சொல்லிட்டீங்க" என்றாய். அன்றிலிருந்து என் பக்கத்தில் கிரசின் பெட்டியைப் போட்டு உன்னை உட்கார வைத்தேன். நீ காதில் சொல்வாய், நான் குழலில் சொல்வேன். நான் கதை சொல்கிறவன் என்று ரங்கூனில் பேர் வாங்கியது அப்புறம்தான்.

அந்தப் பேரில் பாதி உனக்கு, மீதிப் பாதி செல்லம்மாவுக்கு. அவளை முதல்முதலாகப் பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? படத்தில் வேறு யாரோ கதாநாயகி. இவள் கையில் பால் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்று, கதவைத் தட்டி, யாரும் திறக்காததால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் போவாள். வெற்றிலையை ஒரு கடி கடிப்பதற்குள் போய்விடுவாள். ஆனால் போகும்போது கதவைத் திரும்பிப் பார்த்து உதட்டைச் சுழிப்பாள் பார், கொட்டகையே சிரித்தது. "அண்ணே, அந்தப் பொண்ணு யாருண்ணே?" என்று தரையிலிருந்து கேட்டார்கள். அவளுடைய வெள்ளைக்காரப் பெயரை நீ காதில் மூன்று தடவை சொன்னாய், என் வாயில் நுழையவில்லை. "அதுவா? அது செல்லம்மா" என்றேன். அவ்வளவுதான், அவளுக்குப் பெயர் வைத்தாயிற்று. பசுந்தாங் அரிசி ஆலைக்காரர்களும் மிங்கலா தாங்ஞுன்ட் ரயில்வே ஆட்களும் அதற்கப்புறம் அவளை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. அவள் கனடா தேசத்துப் பெண் என்று நீதான் விளம்பரத்தைப் படித்துச் சொன்னாய். அப்படி ஒரு தேசம் இருப்பதே அவளால்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே குளிர்காலத்தில் ஆறு கட்டியாகிவிடும், மேலே வண்டி ஓட்டலாம் என்று நான் குழலில் சொன்னதற்கு, "புளுகாதேண்ணே" என்று ஒருவன் கத்தினான். நான் சொன்ன ஒரே உண்மையை அவன் நம்பவில்லை.

அப்புறம் வாரா வாரம் வந்தாள். தொடர்கதைப் படத்தில் குதிரை ஏறினாள், ஓடுகிற ரயிலின் கூரையில் நடந்தாள், பாலத்தில் ஒரு கையால் தொங்கினாள். ஒரு வாரம் தொங்கியவளை அடுத்த வாரம்தான் இறக்கிவிட்டார்கள், நடுவில் ஆறு நாள் டிராமில் என்னைப் பார்க்கிறவனெல்லாம் "செல்லம்மா பொழைச்சுக்குமா?" என்று பிடித்துக்கொண்டான். பிறகு கடையில் துணி விற்கிற பெண்ணாக வந்தாள், தாயில்லாத பிள்ளைகளை வளர்க்கிறவளாக வந்தாள். கடைசியாக வந்த இரண்டு மூன்று படங்களில் பெரிய பங்களாவில் பட்டு உடுத்திச் சும்மா நின்றாள். "அவ கண்ணு சரியாத் தூங்கல்லப்பா" என்று நீ சொன்னாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தது.

இப்போது நான் கட்டிய பொய்க்கு வருகிறேன். நம் ஆட்களில் சிலர், வயசுக்கு வருகிற பெண்ணைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போகிறானே என்று என் காதுபடப் பேச ஆரம்பித்தார்கள். எனக்குக் கோபம். நேராகப் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அதற்குப் பதிலாகக் குழலை எடுத்து, படம் தொடங்குவதற்கு முன்னால் ஜனங்களுக்குச் செல்லம்மாவின் சரித்திரம் சொன்னேன். "கனடாவுல அவ அப்பா பெரிய மனுஷர். தினமும் காலையில மகளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, ஸ்டூடியோ வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்குவார். சாயங்காலம் அவரே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவார். அப்பா உக்காந்திருக்கிற இடத்துல யாரு என்ன பேச முடியும்?" என்றேன். பெண்கள் பக்கத்துப் படுதாவுக்குப் பின்னாலிருந்து அதற்கு ஒரு பெருமூச்சு வந்தது. பேச்சு நின்றது. அந்த அப்பா மேல் எனக்கே ஆசை வந்துவிட்டது. வாரத்துக்கு வாரம் அவருக்கு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன், குடை, மூக்குக் கண்ணாடி, மகளுக்குச் சோறு கட்டிய தூக்கு. கனடாவில் தூக்கு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நீ பெட்டியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

மானேஜர் கப்பலில் வந்த சினிமாப் பத்திரிகை ஒன்றைக் கொடுத்தது அதற்கப்புறம். நீ அப்போது பதினாறோ பதினேழோ. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எனக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னாய். மரம் அறுக்கிற ஆலையில் மேஸ்திரி அவள் அப்பா. அவள் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவள். பதினெட்டு வயதில் ஒரு நாடகக் கம்பெனிக்குப் பின்னால் ரயிலேறி அமெரிக்காவுக்குப் போனாள். ஸ்டூடியோக்காரர்கள் அவள் பல்லை ராவினார்கள், பெயரை மாற்றினார்கள், ஒரே நேரத்தில் இரண்டு படம் எடுத்தார்கள். நாம் கைதட்டின அந்தப் பாலத்தில் அவளுக்கு நிஜமாகவே தோள் எலும்பு முறிந்ததாம். பத்திரிகைக்காரன் அவள் ஊருக்கே போய் அப்பாவைப் பார்த்திருக்கிறான். அவர், "டெலிபோன் ஆபீஸில் வேலை செய்கிற மகள் ஒருத்தி எனக்கு உண்டு. படத்தில் வருகிறவளை எனக்குத் தெரியாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். ஒரு படம்கூட அவர் பார்த்ததில்லை. அதைப் பற்றி அவளிடம் கேட்டதற்கு, "ஒவ்வொரு படத்திலும் அப்பாவுக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். சத்தம் வராத படம்தானே, யாருக்குத் தெரியப் போகிறது" என்றாளாம். நான் சிரித்தேன். "பைத்தியக்காரப் பொண்ணு. அந்த ஆளுதான் பாக்கவே போறதில்லையே" என்றேன். நீ பத்திரிகையை மூடிவிட்டு, "பாத்தாருன்னா தெரிஞ்சுக்குவார்ல" என்றாய். பிறகு, "அப்பா, இனிமே அந்த நாற்காலிக் கதையைச் சொல்லாதீங்க" என்றாய். நான் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் நாற்காலி போட்டேன்.

இப்போது நம் கதை. போன வெயில் காலத்தில் அந்தப் பர்மாப் படக் கம்பெனிக்காரர் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனுஷர்தான், அதை நான் மறைக்கவில்லை. செருப்பை வாசலில் விட்டு, உன் அம்மா கொடுத்த தேநீரைக் குடித்து, கொட்டகையில் உன்னைப் பார்த்ததாகவும், முகத்தில் தனாக்கா பூசி, இடுப்பில் தமெய்ன் கட்டினால் கிராமத்துப் பர்மாப் பெண்ணாகவே இருப்பாய் என்றும் சொன்னார். பேச்சு இல்லாத படத்தில் தமிழ்ப் பெண் என்று யாருக்குத் தெரியும் என்றார். நான் முடியாது என்றேன். அவர் போன பிறகு நீ அழவில்லை, கத்தவில்லை. "அப்பா, செல்லம்மா அப்பா மாதிரி நீங்களும் வந்து உக்காந்துக்குங்க. நாற்காலி நான் கேட்டு வாங்கித் தர்றேன்" என்றாய். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அது நான் கட்டின கதைன்னு உனக்கே தெரியுமே!" என்றேன். "கட்டின கதையிலதான்ப்பா நீங்க நல்ல அப்பாவா இருந்தீங்க" என்றாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த வார்த்தை நிஜம், மரகதம். நிஜமாக இருந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

அந்தச் சனிக்கிழமை நான் செய்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். செல்லம்மாவின் படம். வீட்டை விட்டுப் பட்டணத்துக்குப் போகிற பெண், கடையில் வேலை பார்த்து, கஷ்டப்பட்டு, கடைசியில் நல்லபடியாகி, ரயில் ஜன்னலில் சிரித்துக்கொண்டு போகிறாள். நீ வழக்கம்போல எழுத்தைக் காதில் சொன்னாய். நான் அதில் ஒன்றையும் எடுக்கவில்லை. "பாருங்க, அப்பன் பேச்சைக் கேக்காம போனவ கதி! தெருவுல நிக்கிறா! கண்டவன்கிட்ட வேலைக்குக் கை நீட்டுறா!" என்று கூவினேன். கடைசியில் ஜன்னல் காட்சி வந்தது. "இதோ, குடும்பமும் போச்சு, மானமும் போச்சு, அழுறா பாருங்க!" என்றேன். திரையில் அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். "அண்ணே, சிரிக்குதுண்ணே அது!" என்று ஒருவன் கத்தினான். "பைத்தியம் பிடிச்சுச் சிரிக்கிறாடா!" என்றேன். கொட்டகை முழுக்க ஊளை. "அண்ணனுக்குத்தான் பிடிச்சிருக்கு!" என்றது இன்னொரு குரல். நான் திரையைப் பார்த்துப் பேசவில்லை, உன்னைப் பார்த்துத்தான் பேசினேன் என்பது அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. நீ எழுந்தாய். பெண்கள் பக்கமாக நடந்து வெளியே போனாய். எட்டொன்பது வருஷத்தில் படம் முடிவதற்கு முன்னால் நீ அந்தப் பெட்டியை விட்டு எழுந்தது அன்றைக்குத்தான். குழல் என் கையில் இருந்தது, கூப்பிட்டிருக்கலாம்.

மறுநாள் காலையில் துணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாய். கம்பெனிக்காரரின் தங்கை வீட்டில் தங்கிக்கொள்வதாக அம்மாவிடம் சொன்னாய். என் பக்கம் திரும்பி, "போறேன்" என்றாய். போறேன்! நம் வீட்டில் யாராவது அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? மார்க்கெட்டுக்குப் போனாலும் போயிட்டு வரேன் என்றுதானே சொல்வோம்? கப்பலேறுகிறவனும் அதைத்தான் சொல்கிறான், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறவனும் அதைத்தான் சொல்கிறான். போறேன் என்று சொல்லக்கூடாது என்று மூன்று வயதில் உன் வாயில் விரல் வைத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். தெரிந்தே சொன்னாய். நான் மொஹிங்கா மீன்சாற்றைக் கிண்ணத்தில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை. நீ படி இறங்குகிற சத்தம் நின்றுபோன பிறகு, கிண்ணத்தைச் சுவரில் எறிந்தேன். உன் அம்மா அதைத் துடைக்கவில்லை. "நீங்களே துடைங்க" என்றாள். துடைத்தேன்.

அதற்கப்புறம் எல்லாம் கேள்விப்பட்டதுதான். மழை முழுவதும் படம் எடுக்க முடியாமல் கம்பெனி காத்துக் கிடந்தது, நடுவில் விட்ட நாட்களில் எடுத்தார்கள், நீ படகிலிருந்து ஆற்றில் விழுந்து காய்ச்சலில் கிடந்தாய், இப்போது அடுத்த படத்துக்கு மாந்தளைக்குப் போயிருக்கிறாய். ஊ சான் சொல்வார், நான் காதில் விழாத மாதிரி இருப்பேன், பிறகு டிராமில் போகும்போது அதையே நினைத்துக்கொண்டு இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவேன். விளம்பரத்தில் உன் பெயர் மா மியா என்று இருக்கிறது என்றார். எனக்குத் திரும்பவும் ஏறியது. "அப்பன் வச்ச பேரு அவங்களுக்குக் கசக்குதா?" என்று டிக்கெட் ஜன்னலில் நின்றே கத்தினேன். ஊ சான் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மியா என்றால் என்ன கல் தெரியுமா உனக்கு? பச்சைக் கல். உங்கள் பாஷையில் அதற்கு என்ன பெயர்?" என்றார். மரகதம் என்றேன். மியா என்ற பெயரில் நூறு பெண்களை நான் கூப்பிட்டிருப்பேன், அர்த்தம் கேட்கத் தோன்றியதே இல்லை. நீ உன் பெயரை விடவில்லை. அவர்கள் பாஷையில் சொல்லிக்கொண்டாய், அவ்வளவுதான். நான்தான் யாரோ பெற்ற பெண்ணுக்குச் செல்லம்மா என்று பெயர் வைத்து, அவள் அப்பாவுக்கு நாற்காலியும் போட்டு, யாரையும் கேட்காமல் ஐந்தாறு வருஷம் ஓட்டியிருக்கிறேன். இதை ஒத்துக்கொள்ள எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஆனால் என் பயம் பொய் இல்லை, அதையும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். செல்லம்மா இப்போது நடிப்பதில்லை. போன மாதம் மானேஜர் பேப்பரைப் பார்த்துச் சொன்னார். இருபத்துநாலு வயதில் ஸ்டூடியோக்காரர்கள் போதும் என்று அனுப்பிவிட்டார்களாம், அதுவும் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே. நமக்குப் படம் அத்தனை தாமதமாக வருகிறது. நாம் இங்கே தரையைத் தட்டி ஆரவாரம் செய்த நாட்களில் அவள் எங்கேயோ ஒரு அறையில் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவள் வீட்டுக்குத் திரும்பிப் போனாளா, அந்த மேஸ்திரி கதவைத் திறந்தாரா என்று மானேஜரைக் கேட்டேன். அதெல்லாம் பேப்பரில் போடவில்லை என்றார். அதனால் சொல்கிறேன், கோபப்படாமல் கேள். எந்தக் காகிதத்திலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. எனக்குப் படித்துச் சொன்னவள், உனக்கு நீயே படித்துக்கொள்ள மாட்டாயா? பாலத்தில் தொங்கு என்று கம்பெனிக்காரர் சொன்னால் முதலில் அவரைத் தொங்கிக் காட்டச் சொல். பல்லில் கை வைக்க விடாதே, அது உன் அம்மாவின் பல். கண் தூங்காத முகத்தோடு படத்தில் நிற்காதே, ஜனங்களுக்குத் தெரியாவிட்டாலும் எனக்கு இனிமேல் தெரியும். அப்புறம், உன்னை அனுப்பிவிடுகிற நாள் வந்தால், அங்கேயே அறையில் உட்கார்ந்துகொண்டிருக்காதே. எங்கள் கதவுக்கு அப்படி ஒன்றும் பெரிய தாழ்ப்பாள் கிடையாது.

சரி, கேள்விக்கு வருகிறேன். நேற்று மத்தியானம், உன் படத்துக்கு மட்டும் முன்கூட்டியே ஒத்திகை. காலிக் கொட்டகையில் மானேஜர், ஊ சான், நான். பக்கத்தில் உன் பெட்டி காலியாக. படம் தொடங்கியது. தனாக்கா பூசி, ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டு நீ. நன்றாக நடித்திருக்கிறாய், அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உன் அம்மா விடமாட்டாள். படகுக்காரனைக் கல்யாணம் செய்யக்கூடாது என்று அப்பாக்காரன் பிடிவாதம் பிடிக்கிறான். பெண் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறாள், திரும்பிப் பார்த்து ஏதோ சொல்கிறாள். எழுத்து வந்தது. ஊ சான் படித்தார்: "இனி இந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்." ஆனால் பதினைந்து வருஷமாக வாயசைகிறதைப் பார்த்தே பிழைக்கிறவன் நான். உன் உதடு அதைச் சொல்லவில்லை. ஆபரேட்டரிடம் சொல்லி அந்தத் துண்டைத் திருப்பிப் போடச் சொன்னேன். ஊ சானை அந்தப் பர்மா வரியை மெதுவாகச் சொல்லச் சொல்லி அவர் வாயைப் பார்த்தேன். அவருக்கு உதடு நாலைந்து தடவை ஒட்டுகிறது. உனக்கு முதலில் ஒரு தடவை ஒட்டியது, நடுவில் பல் கீழ் உதட்டைத் தொட்டது, கடைசியில் இன்னொரு தடவை ஒட்டித் திறந்தது. மூன்றாம் தடவை போட்டபோது நானும் கூடவே சொல்லிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. "போயிட்டு வரேன்ப்பா."

இப்போது சொல், நான் என்ன செய்யட்டும்? சனிக்கிழமை உன் அம்மா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எழுத்தில் இருப்பதைச் சொன்னால், இனி இந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று அவள் என் வாயாலேயே கேட்க வேண்டும். உன் உதட்டில் இருந்ததைச் சொன்னால், திரும்பவும் கதையை மாற்றினவன் ஆவேன், அப்புறம் அந்தப் பெண் ஏன் படம் முழுக்கத் திரும்பி வரவில்லை என்று தரையிலிருந்து கேட்பார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அதை நேர்ல வந்து சொல்லச் சொல்லுங்க. படத்துல சொல்லிட்டுப் போனா ஆச்சா?" என்றாள். அவளுக்கும் கோபம்தான். எனக்கும்தான். இப்படி யாருக்கும் தெரியாமல் சொல்லிவிட்டு, நான் கண்டுபிடிப்பேனா மாட்டேனா என்று மாந்தளையில் போய் உட்கார்ந்திருக்கிறாய். நான் பார்க்கவே வராமல் போயிருந்தால்? நீ வராவிட்டால் நான் எழுத்தில் உள்ளதையே சொல்லப் போகிறேன், ஒரு எழுத்துக் குறையாமல். இத்தனை வருஷத்தில் மாற்றாமல் சொல்கிற முதல் படம் உன்னுடையதாக இருக்கட்டும். உன் உதட்டில் இருந்தது தரை டிக்கெட்டுக்குச் சொன்னது இல்லை.

வெள்ளிக்கிழமை ரயிலேறினால் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்துவிடலாம். உன் கிரசின் பெட்டியில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை. கம்பெனிக்காரரிடம் இரண்டு நாள் கேட்டுப் பார். அவர் தரமாட்டேன் என்றால், அங்கே வெளியே போட ஒரு நாற்காலி இருக்கிறதா என்று கேட்டு எழுது. குடை என்னிடம் இருக்கிறது.

இன்னும் ஒன்று. மூன்றாம் தடவை அந்தத் துண்டு ஓடியபோது, பழக்கத்தில் குழல் என் வாயில் இருந்தது. என்னை அறியாமல் பதில் சொல்லிவிட்டேன். காலிக் கொட்டகையில் அது போய் மோதித் திரும்பி வந்தது, மானேஜர் பயந்து எழுந்துவிட்டார். மொஹிங்காக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது அது. படத்தில் இருக்கிறவளுக்குக் காது கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

போயிட்டு வாம்மா.

உன் அப்பா